சீகிரிச் சுவரில் எழுதிச் சென்றோர்

இலங்கையின் நடுவண் பகுதியில், தம்புள்ளைக்கு வடகிழக்கே, காட்டிடையே தனித்து நிற்கும் பெரும்பாறை சீகிரி. சிங்ககிரி என்னும் பெயரின் திரிபு அது. சிகிரியா என்பது இன்றைய வழக்கு. சுற்றிலும் பரந்து கிடக்கும் சமநிலத்திலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்துக்கு, சரிவு என்று சொல்லத்தக்கது அதிகமின்றிச் செங்குத்தாக எழுகின்றது. சில இடங்களில் மேற்பகுதி அடிப்பகுதியைக் காட்டிலும் முன்னே துருத்தி நிற்கின்றது. அவ்வாறு துருத்திய பாறையின் கீழ் மழை படாமல் தப்பிய இடங்களிலேதான் புகழ்பெற்ற சீகிரி ஓவியங்கள் எஞ்சியுள்ளன.

சீகிரி என்றவுடன் பலர் நினைவுக்கும் வருவன இரண்டு. ஒன்று, தந்தையைக் கொன்று அரசேறிய காசியப்பனின் கதை. மற்றொன்று, மேகத்தினின்று இடைக்கு மேல் வெளிப்பட்டு மலரேந்தி நிற்கும் பெண்களின் ஓவியங்கள். இவ்விரண்டும் அரசன் விட்டுச் சென்றவை. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அரசன் விட்டுச் சென்றதன்று. பார்க்க வந்தவர்கள் விட்டுச் சென்றது. பாறையின் இடைப்பகுதியில் எழுப்பப்பட்ட மெருகேறிய சுவரில், பல நூற்றாண்டுக் காலம் வந்துபோனவர்கள் எழுத்தாணி போன்ற கூர்முனையால் கீறி வைத்த பாடல்களே அவை. உலகில் மலைகளைக் காணச் சென்றோர் பாடிய பாடல்கள் எத்தனையோ உள. கண்ட இடத்திலேயே, கண்ட பொழுதிலேயே, கண்டவர் கையாலேயே பொறிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் பாடல்கள் மிக அரியன. கவிதை எழுதுவோர் கூடியுள்ள ஓர் அவையில் சீகிரியின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர், இந்த மூன்றாவதிலிருந்து தொடங்குவதே முறை. எனினும் பாறைக்கு வந்த முதல் மனிதனை முற்றும் தள்ளிவைத்துவிட்டு மற்றவர்களைப் பற்றிப் பேச இயலாது.

தாதுசேனன், தமிழ் மன்னர் அறுவரின் ஆட்சிக்குப் பின் அநுராதபுர அரியணையை மீட்டவன் எனச் சூளவம்சம் கூறுகின்றது. கலாவாவி என்னும் பேரேரியைக் கட்டியவன் அவனே. அவனுக்கு இரு புதல்வர். அரச குலத்தவள் அல்லாத மனைவியின் மகன் காசியப்பன். பட்டத்தரசியின் மகன் முகலன். தாதுசேனனின் மருமகனும் படைத்தலைவனுமான மிகாரன் தன் மனைவியை, அதாவது அரசன் மகளை, கசையால் அடித்தான். சினந்த அரசன் மிகாரனின் தாயைத் தீயிலிட்டுக் கொன்றான். பழிவாங்கத் துடித்த மிகாரன் காசியப்பனைத் தூண்டினான். அரசன் சிறைப்பட்டான், முகலன் இந்தியாவுக்கு ஓடித் தப்பினான். மறைத்து வைத்த செல்வம் எங்கே என மிரட்டப்பட்ட தாதுசேனன், கலாவாவிக்குத் தன்னை அழைத்துச் செல்லச் செய்து, அதில் இறங்கி நீராடி, கையால் நீரை அள்ளிக் காட்டி, தன் செல்வம் முழுவதும் இதுவே என்றானாம். பின்னர் அவன் சுவரில் வைத்துப் பூசப்பட்டு மாண்டான். இஃது 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. 477 முதல் 495 வரை காசியப்பன் ஆண்டான். தம்பி படையுடன் திரும்பி வருவான் என்னும் அச்சத்தாலேயே அநுராதபுரத்தை விட்டு இப்பாறைமேல் அவன் அரண்மனை அமைத்தான் என்பது சூளவம்சத்தார் கூற்று.

18 ஆண்டுகளுக்குப் பின் முகலன் படையுடன் வந்தான். காசியப்பன் பாறையை விட்டு இறங்கிச் சமவெளியில் எதிர்கொண்டான். சேற்று நிலத்தைக் கண்டு அவனது யானை சற்றே திரும்ப, அரசன் புறமுதுகிட்டான் என்று எண்ணிய படை கலைந்தது. தனித்து நின்றவன் தன் வாளால் தன் கழுத்தை அறுத்துக்கொண்டான். முகலன் தலைநகரை மீண்டும் அநுராதபுரத்துக்கு மாற்றிச் சீகிரியைத் துறவியரிடம் ஒப்படைத்தான்.

இக்கதையை எழுதியவர்கள் துறவியர் என்பதையும், தந்தையைக் கொன்றவனிடம் அவர்கள் பரிவு காட்ட இயலாது என்பதையும் மறத்தலாகாது. அதே சூளவம்சம், காசியப்பன் பழைய விகாரை ஒன்றை விரிவாக்கித் தன் மகளிர் இருவர் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அதற்குச் சூட்டியதையும் குறிப்பிடுகின்றது. அச்சத்தில் ஒளிந்து வாழ்ந்தவன், நீர்த்தடாகங்களும் நீரூற்றுகளும் கொண்ட அளவொத்த பூங்காக்களைப் பாறையின் மேற்கே அமைத்திருப்பானா என்னும் ஐயம் இன்றைய ஆய்வாளர்க்கு உண்டு. மழைக்காலத்தில் அவ்வூற்றுகளுள் சில இன்றும் நீரை மேலெழுப்புகின்றன. கோட்டை கட்டியவன் மனத்தைக் காட்டிலும் ஓவியம் தீட்டுவித்தவன் மனமே பாறையில் மிகுதியாகத் தெரிகின்றது. ஆயினும் அவன் அங்கிருந்த காலம் 18 ஆண்டுகளே. அவனுக்குப் பின் வந்தோரின் காலமோ ஏறத்தாழ 800 ஆண்டுகள்.

வந்தோரின் வழி

பூங்காக்களைக் கடந்து, உருண்டு கிடக்கும் பெருங்கற்களின் இடையே படிகளேறினால், பாறையின் மேற்கு முகத்தை ஒட்டி ஒரு நடைவழி தொடங்கும். அதன் ஒரு புறம் பாறை. மறுபுறம் செங்கல்லால் எழுப்பிச் சுண்ணச் சாந்து பூசி மெருகேற்றிய சுவர். ஆளுயரத்தைக் காட்டிலும் உயர்ந்தது அது. இச்சுவரையே கண்ணாடிச் சுவர் என்கின்றனர். எதிரே உள்ளவற்றின் உருவம் தெரியுமளவுக்கு ஒருகாலத்தில் பளபளத்தது என்பர். இன்று அது தேனின் நிறத்தில் மங்கிக் கிடக்கின்றது. நடைவழியின் தலைக்கு மேலே, சுமார் 12 மீட்டர் உயரத்தில் பாறைக் குடைவில் ஓவியங்கள் உள்ளன. இக்காலத்தில் இரும்பாலான சுழற்படி வழியே அவ்விடத்தை அடையலாம்.

எஞ்சியுள்ள உருவங்கள் இருபத்திரண்டளவில்தான். அவை யார் என்பதில் அறிஞர் ஒன்றுபட்டாரில்லை. இலங்கைத் தொல்பொருள் துறையின் முதல் ஆணையாளரான எச். சி. பி. பெல், அருகிலுள்ள பிதுரங்கல விகாரைக்கு மலர் எடுத்துச் செல்லும் அரண்மனை மகளிர் என்றார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவரான ஆனந்த குமாரசுவாமி, மேகத்தினின்று தோன்றும் இவர்கள் வானர மகளிரே என்றார். சேனரத் பரணவிதான, மின்னலையும் மேகத்தையும் பெண்ணுருவாக்கியவை இவை என்றும், சீகிரியே குபேரனின் அளகாபுரியை மண்ணில் காட்ட முயன்ற அமைப்பு என்றும் விளக்கினார். பரணவிதானவின் கருத்து கவிதைக்கு நெருங்கியது. சான்றுக்கு அத்துணை நெருங்கியதன்று.

அறிஞர் மூவரும் எழுப்பிய வினாவைச் சுவரில் எழுதியவர்கள் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே எழுப்பியுள்ளனர். அவர்களுக்கும் விடை தெரியவில்லை. மறைந்த மன்னனின் மகளிர் எனக் கருதி இரங்கியோர் உளர். பொன்னிறப் பெண்கள் என்றும் மானின் நீள்விழியர் என்றும் வியந்து, யாரென்று கேளாமலே நெஞ்சை இழந்தோர் மிகப் பலர். ஒருவர் ஓவிய மகளிரின் தொகையை ஐந்நூறு என்கின்றார். அஃது எண்ணிச் சொன்னதன்று, மிகுதி குறித்த வழக்கே எனக் கொண்டாலும், இருபத்திரண்டு உருவங்களைப் பார்த்தவர் ஐந்நூறு என்று சொல்லியிருக்க மாட்டார். பெல்லின் உதவியாளராக இருந்த ஜான் ஸ்டில், பாறையின் மேற்கு முகம் முழுவதுமே ஒருகாலத்தில் ஓர் ஓவியப் பரப்பாக இருந்திருக்க வேண்டும் எனக் கருதியதற்கு இப்பாடல் துணை நிற்கின்றது. அவ்வாறே, பாறையின் வடபுறத்தில் இன்று இரு பெரும் பாதங்கள் மட்டுமே எஞ்சியுள்ள சிங்கத்தைச் சுவர்ப்பாடல்கள் சில விலங்கரசன் என்று வியக்கின்றன. பாதங்களைக் கண்டு எவரும் அரசன் என்று பாடார். எனவே, அப்பாடல்கள் எழுதப்பட்ட காலத்தில் சிங்கத்தின் முகமும் இருந்திருத்தல் கூடும்.

பாடலும் பெயரும்

பரணவிதான 1896 முதல் 1972 வரை வாழ்ந்தவர்; 1940இல் தொல்பொருள் ஆணையாளர் பொறுப்பேற்றவர். ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறப்பட்டு, ஆழமின்றி, பொடி எழுத்துகளாகப் பின்னிக் கிடந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். 8, 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த 685 பாடல்களை இரு தொகுதிகளாக 1956இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. பின்வந்த ஆய்வாளர் மேலும் பல பாடல்களைப் படித்துச் சேர்த்துள்ளனர். சுவரின் எழுத்துகளுள் மிகப் பழையவை 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. மிகப் பிந்தியவை 14ஆம் நூற்றாண்டு வரை வருவன.

சிங்கள இலக்கிய வரலாற்றில் இவற்றுக்குரிய இடத்தைத் தமிழ் வாசகர் உணர வேண்டுமாயின், சங்கத் தொகை நூல்கள் இல்லாத ஒரு தமிழ் இலக்கிய வரலாற்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். முழு நூல்களாகக் கிடைக்கும் சிங்களப் பழங்காவியங்கள் பெரும்பாலும் புத்தரின் முற்பிறப்புக் கதைகளைப் பாடுவன. 12, 13ஆம் நூற்றாண்டுகட்கு உரியன. அவற்றுக்கு முந்திய சிங்களக் கவிதையின் பெருந்தொகுதி இச்சுவரே. அதிலும் இவை சமயம் சாராத பாடல்கள். விகாரையாகிவிட்ட ஓரிடத்தில், துறவியரும் வந்து எழுதிய ஓரிடத்தில், பாடுபொருள் பெண்ணழகாகவும் காதலாகவும் ஏறி வந்த களைப்பாகவும் இருப்பது வியப்புக்குரியது.

பெரும்பாலானவை ‘கீ’ என்னும் யாப்பில் அமைந்தவை. எதுகை இல்லாத, அளவில் சிறிய யாப்பு அது. எதுகையும் மோனையும் செவியில் ஊறிய தமிழ்ப் புலவர்க்கு அது யாப்பாகவே தோன்றாமலும் போகலாம். ஆனால் எதுகையின் துணையின்றி இரண்டொரு வரியில் ஒரு காட்சியையும் ஒரு மனநிலையையும் நிறுத்துவது எளிதன்று. இவர்களுள் எத்தனையோ பேர் அதனைச் செய்துள்ளனர். பலர் செய்யத் தவறியும் உள்ளனர். சுவரில் உள்ளவை யாவும் நல்ல கவிதைகள் என்று சொல்லுதல் உண்மையாகாது. ஒரே உவமையைப் பத்துப் பேர் எழுதியுள்ளனர். முன்னர் எழுதியவரின் வரியைப் பார்த்துப் பின்னவர் எழுதியது போலத் தோன்றும் இடங்களும் உள. இக்காலக் கவியரங்குகளிலும் இது நிகழாததன்று.

இக்கவிஞர்கள் புலமையற்ற வழிப்போக்கர்கள் என்றும் கொள்ளுதற்கில்லை. சிங்களத்தின் மிகப் பழைய அணியிலக்கணமான சியபஸ்லகர 9ஆம் நூற்றாண்டில், அதாவது இச்சுவரில் பாடல்கள் மிகுதியாக எழுதப்பட்ட காலத்தில் எழுந்தது. அதன் முதல்நூல் தண்டியின் காவியாதர்சம். பல்லவர் காஞ்சியோடு தொடர்புடைய அதே தண்டியின் அதே நூலே பின்னர்த் தமிழில் தண்டியலங்காரத்துக்கும் அடிப்படையாயிற்று. ஒரு வடமொழி நூல் கடலின் இரு கரையிலும் அணியிலக்கணத்துக்கு ஊற்றாய் இருந்தது. அணி கற்றவரும் கல்லாதவரும் சீகிரியில் ஒரே சுவரில் எழுதினர் என்பதே சுவரின் தனித்தன்மை.

பாடலோடு பெயரும் எழுதுவது அங்கு வழக்கமாக இருந்தது. இன்ன ஊரிலிருந்து வந்த இன்னார் யான், இதை எழுதியவன் யானே என்னும் பாங்கில் பல பாடல்கள் தொடங்குகின்றன அல்லது முடிகின்றன. பதவியைச் சொன்னோர் உளர். கணவன் பெயரைச் சொன்ன பெண்டிர் உளர். பாடலில் பெயரைப் பொறிக்கும் ஆசைக்கும் பாடலைப் பொறிக்கும் ஆசைக்கும் இடையே எல்லைக்கோடு போடுவது அச்சுவரின் முன் நிற்போர்க்கு இயலாத செயல். சில இடங்களில், பெயரை எழுத வந்தவர் அதற்குத் துணையாக ஒரு பாட்டும் எழுதினார் என்றே தோன்றுகின்றது.

பாடல்களின் உள்ளடக்கத்தில் மீண்டும் மீண்டும் வரும் குறை ஒன்று உண்டு. இத்துணைத் தொலைவு வந்து, இத்துணை உயரம் ஏறிய பின்னும் அப்பெண்கள் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லையே என்பது அது. கல்லில் இருப்பதால் கல் நெஞ்சமோ என்னும் போக்கில் அக்குறை பல வடிவம் கொள்கின்றது. தமிழ் அகத்திணை மரபு பயின்றோர்க்குக் கைக்கிளை உடனே நினைவுக்கு வரும். எதிர்ச்சொல் பெறாத ஒருவன் தனக்குத் தானே பேசி மகிழும் நிலையைத் தொல்காப்பியர் அகத்தின் ஓரத்தில் வைத்தார். சீகிரியிலோ அதுவே நடு. எதிர்ச்சொல் வரவே வராது என்று அறிந்தவர்கள் எழுதிய கைக்கிளை இது. ஆகையால் துயரத்தின் ஊடே ஒரு விளையாட்டும் கலந்திருக்கின்றது. இவ்வொப்புமையைக் கொண்டு தமிழ் மரபின் தாக்கம் எனச் சொல்லத் துணிவது ஆய்வு ஆகாது. காதலைப் பாட வந்த இரு மரபுகள் ஒரு புள்ளியில் அருகருகே நிற்கின்றன என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை.

பெண்கள் எழுதிய பாடல்களில் குரல் மாறுகின்றது. ஓவியப் பெண்களை அவர்கள் வியப்பதைக் காட்டிலும் அளந்து பார்க்கின்றனர். போட்டிக்கு நிற்பவளைப் பார்ப்பது போல் பொறாமையோடு நோக்கும் மனைவியின் குரலும் கேட்கின்றது. ஆடவர் நெஞ்சுருகி எழுதிய வரிகளுக்கு நடுவே இத்தகைய ஒரு வரியைப் படிக்கும்போது, அந்நடைவழியில் உடன் வந்த கணவன் எவ்வளவு நேரம் அண்ணாந்து நின்றிருப்பான் என்பது விளங்கிவிடுகின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. எழுத்துகள் உள்ளது சுவரின் உட்புறத்தில், பாறையை நோக்கிய பக்கத்தில். ஆகவே எழுதுபவர் ஓவியங்களை நோக்கி நின்று எழுதியிருக்க இயலாது. அவற்றுக்கு முதுகு காட்டிச் சுவரை நோக்கியே நின்றிருப்பார். பார்த்தது ஒரு பக்கம், எழுதியது மறுபக்கம். இடையில் ஒருமுறை திரும்ப வேண்டும். கண்டதைக் கண்டவுடன் எழுதினார் என்று சொல்வதைவிட, கண்டதை விட்டுத் திரும்பிய அந்தக் கணத்தில் எழுதினார் என்று சொல்வதே பொருந்தும்.

கயிற்றிலும் கம்பியிலும் ஏறியோர்

14ஆம் நூற்றாண்டுக்குப் பின் பாடல்கள் இல்லை. காடு வளர்ந்தது. 1831இல் ஜோனதன் ஃபோர்ப்ஸ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி பொலன்னறுவையிலிருந்து திரும்பும் வழியில் இங்கு வந்தார். இலங்கையில் தாம் கழித்த 11 ஆண்டுகளைப் பற்றி 1840இல் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாகச் சீகிரி ஐரோப்பியரிடையே அறிமுகமாயிற்று. அவர் சீகிரியைக் கண்டுபிடித்தார் என எழுதுவது பலருக்கு வழக்கம். அருகிலிருந்த ஊரார்க்கு அது என்றும் தொலைந்து போகவில்லை என்பதே உண்மை. ஃபோர்ப்ஸ் உச்சியை அடையவில்லை. 1853இல் ஆடம்ஸ், பெய்லி என்னும் இருவர் அதனைச் செய்தனர். பழைய படிகள் அழிந்துவிட்டிருந்தமையால், படிக்கட்டுக்காகப் பாறையில் முன்னோர் வெட்டிய பள்ளங்களே ஏறுவோர்க்குப் பற்றுக்கோடாயின. 1875இல் பொதுப்பணித் துறையைச் சார்ந்த பிளேக்ஸ்லி தொலைநோக்கி வழியே ஓவியங்களைக் கண்டு எழுதினார். அந்த ஓவியங்களை அருகில் சென்று பார்க்க அதன்பின் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

1889இல் அதே துறையின் முரே அப்பணியை மேற்கொண்டார். ஆளுநர் ஆர்தர் கோர்டன் ஓவியங்களுக்குப் படி எடுக்க விரும்பினார். ஊரார் பாறையில் தீய ஆவிகள் உறைகின்றன என அஞ்சி உதவ மறுத்தனர். எனவே தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் கல்தச்சர்கள் அழைத்து வரப்பட்டனர். செங்குத்துப் பாறையில் உளியால் ஒரு துளையிட்டு, அதில் இரும்புக் கம்பியை நட்டு, சாந்தால் இறுக்கி, அதன்மேல் நின்று அடுத்த துளையை இடுவது. இவ்வாறு ஒவ்வோர் அடியாகக் குடைவு வரை ஏறுவது. கீழே பிடிப்பில்லை; மேலே துருத்தும் பாறை. வழி அமைந்த பின்னர் முரே ஏறிச் சென்று, தாழ்ந்த கூரையின் கீழ் மல்லாந்து படுத்துப் பதின்மூன்று உருவங்களை வண்ணக்கோலால் படியெடுத்தார். 1896, 1897ஆம் ஆண்டுகளில் பெல்லின் தலைமை வரைவாளரான டி. ஏ. எல். பெரேரா வண்ணப் படிகள் எடுத்தார். நின்று வரைய இடமற்ற குடைவின் உருவங்களை அவர் கயிற்றில் தொங்கியவாறே வரைந்தார். அவர் எடுத்த படிகள் கொழும்பு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. சிங்கத்தின் பாதங்களை மண்ணகற்றி வெளிக்கொணர்ந்ததும் பெல்லின் காலத்தில், 1898இல்தான்.

பழைய காலத்தில் ஏறியவர்கள் பெயரை எழுதிச் சென்றனர். 19ஆம் நூற்றாண்டில் ஏறியவர்களின் பெயர்களை நூல்கள் எழுதிவைத்தன. ஃபோர்ப்ஸ், ஆடம்ஸ், பெய்லி, முரே, பெல், பெரேரா எனப் பட்டியல் தொடர்கின்றது. முதல் துளையை இட்ட கல்தச்சனின் பெயர் அப்பட்டியலில் வழக்கமாக இடம்பெறுவதில்லை. அந்நாளில் அப்பாறை முகத்தில் மிகப் பெரிய ஆபத்தை ஏற்றவன் அவனாகவே இருத்தல் வேண்டும்.

எழுதுதல் குற்றமான காலம்

1967 அக்டோபரில் சிலர் இரவோடிரவாக ஓவியங்கள்மேல் பச்சை வண்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரான்சி வரவழைக்கப்பட்டு, இலங்கைப் பணியாளர் துணையோடு அவற்றைத் தூய்மை செய்தார். பழுது முற்றும் நீங்கவில்லை. 1982இல் சீகிரி உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. இன்று ஏறுவோர்க்கு இரும்புப் படிகளும் கைப்பிடிகளும் உள்ளன. உச்சிக்குப் போகும் வழியில் சிங்க மேடையருகே, பாறையில் கூடு கட்டிய குளவிகள் கலைந்து வந்தால் புகுந்துகொள்ளக் கம்பிவலைக் கூண்டும் உண்டு. கண்ணாடிச் சுவரருகே, எழுதலாகாது, தொடலாகாது என்னும் அறிவிப்புகள் உள்ளன. இலங்கைத் தொல்பொருட் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது.

அச்சட்டத்தைக் குறை கூற இடமில்லை. நடைவழி குறுகியது, ஆண்டுதோறும் வருவோர் இலட்சக் கணக்கினர். அவர்களுள் நூற்றில் ஒருவர் கீறினாலும், 8ஆம் நூற்றாண்டின் மெல்லிய கீற்றுகள் சில ஆண்டுகளில் இல்லாது போகும். 20ஆம் நூற்றாண்டில் கீறப்பட்ட பெயர்கள் பழைய பாடல்களின் மேலேயே விழுந்துள்ளன. ஒரு பெயர் ஒரு பாடலை அழித்துவிட வல்லது. ஆயினும், பழைய பாடல்களை எழுதியவர்களும் தம் காலத்தில் அரசன் மெருகேற்றிய சுவரைக் கீறியவர்களே என்பதை மறுக்க இயலாது. அவர்கட்கு அதற்கு உரிமை அளித்தவர் எவருமில்லை. காசியப்பன் உயிரோடிருந்து அதைப் பார்த்திருப்பின் என்ன செய்திருப்பான் என்பதும் ஊகிக்கக் கூடியதே. தடுப்பார் இல்லாத காலம் ஒன்று வாய்த்தது. அதனால் இலக்கியம் வாய்த்தது.

2015 பிப்ரவரியில், இலங்கையின் கிழக்கு மாகாணத்திலிருந்து சுற்றுலாவாக வந்த இளம் தமிழ்ப்பெண் ஒருவர் கண்ணாடிச் சுவரில் எழுதினார். காவலர் கண்டு பிடித்தனர். நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள, இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் வறிய குடும்பத்தவர் என்பதும், அச்சுவரின் அருமையை அறியாமல் செய்தார் என்பதும் செய்தித்தாள்களில் வெளிவந்தன. இன எல்லைகளைக் கடந்து பலர் அவர் விடுதலைக்காகக் குரல் கொடுத்தனர். அவ்வாண்டிலேயே குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன மன்னிப்பளித்தமையால் அவர் விடுதலையானார்.

அவர் சுவரில் எழுதியது பாடலன்று, தம் பெயர்.